அம்பு தானாக நகர்ந்த ஆயுத பூஜை

ரகுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட்டுவிட்டுச் சென்னைக்குக் கிளம்பியதிலிருந்து என் கோபம் தணியும் என்று காத்திருந்தேன். தணியவில்லை. போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், சிரிப்பாய், ‘மீட்டிங் இருக்கும்மா’ என்பாய். காகிதத்தில் எழுதினால் கடைசி வரி வரை நீ வாயைத் திறக்க முடியாது. புதிய வேலைக்காகப் புனேவுக்குப் போவதற்கு முன்பு இதை நீ முழுதாகப் படிக்க வேண்டும்.

அன்று நீ சொன்னதை நீயே மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. மின்சாரத் துணை நிலையங்களுக்கும் ஊர்த் தண்ணீர் பம்புகளுக்கும் கம்ப்யூட்டர் வைத்துத் தரும் கம்பெனி, அதில் பாதுகாப்புக்கு நீதான் தலைவன் என்று பெருமையாகச் சொன்னாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாவது முறை பாயசம் ஊற்றினேன். ‘இந்தக் காலத்துல எவன் எங்கேருந்து உள்ள வருவான்னே தெரியாதும்மா. முக்கால்வாசி இடத்துல கதவைத் திறந்து போட்டுட்டு, வேலை செய்யறவங்க மேல பழியைப் போடுவாங்க’ என்றாய். பிறகு சிரித்தாய். ‘நம்ம கடையிலேயே அதுதானே நடந்துச்சு. நான் வச்ச புரோகிராம்ல, அதை விக்கறவன் எல்லாருக்கும் ஒண்ணா போட்டுக் குடுக்கற பாஸ்வேர்டை மாத்தவே இல்ல. பூஜை அன்னிக்கு வெளியேருந்து எவனோ வந்திருக்கான். ஒரு வாரம் கழிச்சு அதுல பதிவாகி இருந்ததைப் பாத்தேன்.’

என் கையில் கரண்டி இருந்தது. ‘அப்படியானால் நாம் வேலையை விட்டு அனுப்பிய தேவகி?’ என்று கேட்டேன்.

‘அவங்க இல்லைம்மா’ என்றாய்.

‘இது உனக்கு இரண்டு வருடமாகத் தெரியுமா?’

‘விடும்மா. இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது? அவங்களும் வேற வேலை பாத்துக்கிட்டாங்க இல்ல?’

இவ்வளவுதான் நீ சொன்னது. பிறகு மோர் கேட்டாய். நான் சமையலறைக்குப் போய் மோரை எடுத்துக்கொண்டு வந்து ஊற்றினேன். வளர்த்த கைக்கு அந்த வேலை பழகிப்போய்விட்டது, அதனால் ஊற்றியது. மன்னித்ததாக நினைத்துக்கொள்ளாதே.

உனக்கு நினைவிருக்கிறதா, நம் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த வருடம்? தொண்ணூறுகளின் பிற்பகுதி. நீ அப்போது வேலூரில் இன்ஜினியரிங் சேர்ந்த புதிது. ஆரணியில் அதற்கு முன்பு சேலை டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டுத் தறிக்கு ஏற்றுவார்கள். கம்ப்யூட்டர் வந்தால் திரையிலேயே வரையலாம், தப்பு வந்தால் அழித்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னாய். உன் அப்பா போன பிறகு நான் செய்த முதல் பெரிய செலவு அது. மற்ற முதலாளிகள் சிரித்தார்கள். நான் கலங்கவில்லை, ஏனென்றால் அதன் முன்னால் உட்கார தேவகி இருந்தாள். தாளில் வரைந்து பழகிய கை. மூன்று மாதத்துக்குள் அவள் திரையில் போட்ட மயில் தாளில் போட்ட மயிலைவிட நிமிர்ந்து நின்றது.

அப்போது பச்சையப்பன், நம் தறிகளை எல்லாம் பார்த்துக்கொள்ளும் நம் மேஸ்திரிதான், காஞ்சிபுரத்திலிருந்து யாரிடமோ ஒரு ஃபிளாப்பி வாங்கிக்கொண்டு வந்தார். அதிலிருந்து வைரஸ் ஏறி மெஷின் படுத்துவிட்டது. நீ வேலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து அவரை எப்படித் திட்டினாய்! உன் அப்பா வயதுள்ள மனிதர். ‘கண்டவன் கொடுத்ததை உள்ள சொருகுவீங்களா? ரோட்ல கெடக்கறத எடுத்து வாயில போடுவீங்களா?’ என்று கத்தினாய். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, ‘பேஜாரா பூட்ச்சு தம்பி, இனிமே அந்த சதுரத் தகட்ட கையால தொடமாட்டேன், போதுமா?’ என்றார். நீ அன்றைக்கு ஒரு சட்டம் போட்டாய். வெளியிலிருந்து எதுவும் இந்த மெஷினுக்குள் வரக்கூடாது. தேவகி அந்தச் சட்டத்தைக் கடைசி நாள் வரை காப்பாற்றினாள். ஃபிளாப்பிப் பெட்டிச் சாவியை வளையலில் ஊக்குப் போட்டு மாட்டியிருப்பாள். அவள் நடந்தால் சாவிச் சத்தம்தான் முன்னால் வரும். சொந்தத் தம்பி பாட்டு கேட்க ஒரு சிடி கொண்டுவந்தபோதுகூட, ‘ரகு தம்பி சொன்னாத்தான்’ என்று திருப்பி அனுப்பியவள் அவள்.

அந்தச் சட்டத்தை உடைத்தது நீ. பிராட்பேண்ட் வந்த வருடம், சென்னையில் உட்கார்ந்தபடியே கடை மெஷினைப் பார்க்க வேண்டும் என்று ஏதோ ஒன்றைப் போட்டாய். ஆரணிக்கு வர மூன்று மணி நேரம் ஆகிறது, உனக்கு ஜல்தியாக வேலை முடிய வேண்டும். முதல் நாள் திரையில் அம்பு தானாக நகர்ந்தபோது எல்லோரும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். தேவகி கையை மெஷினிலிருந்து எடுத்துவிட்டு நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டாள். நீ போனில் சிரித்தாய்: ‘நான்தான்க்கா. பயப்படாதீங்க. அம்பு தானா நகர்ந்தா நான் வந்திருக்கேன்னு அர்த்தம். அந்த நேரத்துல யாரும் எதையும் தொடாதீங்க.’ இந்த வாக்கியத்தை மறுபடி படி. தங்கள் வீட்டுக்குள் முகம் தெரியாத ஒரு கை அலைவதைப் பார்த்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும் என்று நம் ஆட்களுக்கு நீ பயிற்சி கொடுத்தாய். பழகிவிட்டார்கள். அம்பு நகர்ந்தால், ‘சின்ன மொதலாளி வந்துட்டாரு’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

அந்த ஆயுத பூஜையை இப்போது எழுதுகிறேன். நீ அங்கே இல்லை என்பதால் உனக்கு எதுவும் உறைக்கவில்லை.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். தறியில் ஓடும் நாடா, கத்தரிக்கோல், அட்டைக் கட்டு, எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்த பிறகு மறுநாள் விஜயதசமிக்குத்தான் திரும்ப எடுப்போம். அதுவரை தொடக்கூடாது. அந்த வருடம் கம்ப்யூட்டருக்குத்தான் பெரிய மாலை. அந்த வருடத்து முகூர்த்தச் சேலைக்கான கரை முழுவதும் அதற்குள் இருந்தது. தேவகி நம் பக்கத்துத் திருமலைச் சமணக் கோயில் ஓவியங்களைப் பார்த்துவந்த பிறகு வரைய ஆரம்பித்த கொடி. கொடிக்கு நடுவே குளம், குளத்தில் மீன். அதற்காக மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். நான் மெஷினை நிறுத்தச் சொன்னேன். பச்சையப்பன் ஒத்துக்கொள்ளவில்லை.

‘வெளக்கு எரியச் சொல்லோ மெஷின அணைக்கிறதா? நல்லாவா கீது? சரசோதி படம் தெரியட்டும்மா, பாக்க லட்சணமா கீது’ என்றார்.

விட்டுவிட்டேன். கற்பூரம் காட்டி முடித்து எல்லோருக்கும் சுண்டல் கொடுத்துக்கொண்டிருக்கும்போது திரையில் சரஸ்வதி மறைந்தாள். அம்பு நகர்ந்தது. ஒரு பெட்டி திறந்தது, மூடியது, இன்னொன்று திறந்தது.

பச்சையப்பனுக்கு ஒரே சந்தோஷம். ‘பாருங்கம்மா, தம்பி மெட்ராஸ்லேர்ந்தே வந்து சாமி கும்பிட்டுகினு போறாரு! தம்பி, சுண்டல் எடுத்துக்கங்க!’ என்று திரைக்கு முன்னால் தொன்னையை நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தேவகி சிரிக்கவில்லை. ‘தம்பி இன்னிக்கு வரேன்னு போன் பண்ணாரா?’ என்று கேட்டாள்.

‘அவுரு பொட்டிக்குள்ள வர்றதுக்கு உன்கிட்ட கேக்கணுமா தேவகி?’ என்றார் பச்சையப்பன்.

அவள் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் ஒயரைப் பிடுங்கப் போனாள். நான் அதட்டினேன். ‘பூஜையில் வைத்ததைத் தொடாதே’ என்றேன். கை அந்தரத்தில் நின்றது. எடுத்துக்கொண்டாள். அம்பு தன் வேலையை முடித்துக்கொண்டு போனது. சரஸ்வதி திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

விஜயதசமி காலையில் திறந்தால் ஒன்றுமில்லை. கொடி இல்லை, குளம் இல்லை, மீன் இல்லை. அந்த வருடம் போட்ட ஒரு டிசைனும் இல்லை. எல்லாம் பத்திரமாக நகல் எடுத்து வைத்திருப்பதாக நீ சொல்லியிருந்த இடமும் காலி, ஏனென்றால் அதுவும் அதே மெஷினுக்குள்தான் இருந்தது. வீட்டுச் சாவியின் நகலை அதே வீட்டுக்குள் வைத்துப் பூட்டியதைப் போல. தீபாவளி முடிவதற்குள் அதே கரை விசைத்தறியில் ஓடி, பாதி விலைக்கு, வேறு ஊர்க் கடைகளில் தொங்கியது. பூஜைக்கு முன்பே அட்டை போட்டுத் தறியில் ஏற்றியிருந்த கொஞ்சத்தை நாம் நெய்து கொண்டுபோனபோது வியாபாரிகள் நம்மிடமே, ‘இன்னாம்மா, நீங்களும் காப்பி அடிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?’ என்று கேட்டார்கள். என்னைப் பார்த்து. அதை வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

நான் உனக்குப் போன் செய்தேன். நீ கேட்ட முதல் கேள்வி, ‘பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?’ உனக்கும் தேவகிக்கும் என்றேன். ‘அப்ப வேற யாரு? வெளியேருந்து வர சான்ஸே இல்லம்மா. உள்ள இருக்கறவங்கதான்’ என்றாய். அவள் ஒயரைப் பிடுங்கப் போனதைச் சொன்னேன். ‘பாத்தியாம்மா, அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு’ என்றாய். காப்பாற்ற நீட்டிய கையை அவளுக்கு எதிராகவே சாட்சியாக்கினாய். நீ படித்தவன், உனக்குத் தெரியும் என்று நம்பி, அவளைக் கூப்பிட்டு இனி வர வேண்டாம் என்று சொன்னது நான்தான். அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை. அவள் அழவில்லை. ஊக்கைக் கழற்றிச் சாவியை மேசைமேல் வைத்தாள். ‘எண்ணிப் பாத்துக்கங்கம்மா, ஃபிளாப்பி எல்லாம் சரியா கீது’ என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் கழித்து உனக்கு உண்மை தெரிந்திருக்கிறது. அந்த ஒரு வாரத்தை நான் மன்னிக்கலாம். தெரியாதவன் தப்பாகச் சொல்வான். அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடத்தை என்ன செய்வது? நான் படித்த வேலூர் கான்வென்ட்டில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால் உடைத்தவளுக்கு ஒரு நாள் தண்டனை. இன்னொருத்தி முட்டிபோட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அவளோடு யாரும் பேச மாட்டோம். சிஸ்டர் சொல்லி அல்ல, நாங்களாகவே. நீ அந்த மாதிரி உட்கார்ந்திருந்தாய். பொங்கலுக்கு வந்தாய், தீபாவளிக்கு வந்தாய், அவள் நாற்காலியில் உட்கார்ந்து மெயில் பார்த்தாய்.

நான் ஒன்றும் தெரியாத கிழவி இல்லை. ‘உங்கள் வங்கிக் கணக்கு நின்றுவிடும், உடனே எண்ணைக் கொடுங்கள்’ என்று எனக்கும் மெயில் வருகிறது. இங்கிலீஷில் அத்தனை பிழை. எங்கள் சிஸ்டர் பார்த்தால் நூறு தடவை எழுத வைத்திருப்பார். அதனாலேயே நான் ஏமாறவில்லை. அந்தத் திருடர்கள் என்றைக்குப் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொள்கிறார்களோ, அன்றைக்கு என்னைப் போன்றவர்களும் ஏமாறுவோம். அவர்கள் கற்றுக்கொண்டே இருக்கிறார்கள், நீங்கள் சோம்பலாகவே இருக்கிறீர்கள். ஒரு பாஸ்வேர்டை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? சுண்டலுக்குத் தேங்காய் துருவும் நேரம் ஆகுமா?

இப்போது நீ கரண்டுக்குக் காவல் இருக்கப் போகிறாய். அதைச் சொன்னபோது உன் அப்பாவை நினைத்தாயா? நான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் அவர் மூச்சு மெஷினில் இருந்தபோது, மத்தியானம் கரண்டு போயிற்று. ஜெனரேட்டர் உடனே எடுக்கவில்லை. மெஷினின் சத்தம் நின்றதும் அந்த அறையில் வந்த அமைதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஒரு நர்ஸ் ஓடிவந்து குழாயைக் கழற்றி, ரப்பர் பையை மாட்டி, கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தாள். நீ பள்ளிச் சட்டையோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றாய். அவள் கை வலித்து மாற்றியபோது, ‘நான் அமுக்கட்டுமா சிஸ்டர்?’ என்று கேட்டாய். கரண்டு வந்தது. அவர் அதற்குப் பிறகு நான்கு நாள் இருந்தார், உன்னைக் கண்ணால் பார்த்தார். அந்த நான்கு நாளும் கரண்டு கொடுத்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அன்று கரண்டு போனது மழையாலோ மரத்தாலோ இருக்கலாம். நாளைக்கு எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவன் ஒரு அம்பை நகர்த்தி அதை நிறுத்துவான் என்று நீதான் சொல்கிறாய். இன்ஜினியர்கள் வீட்டிலிருந்தே துணை நிலையத்தைப் பார்த்துக்கொள்ள வசதி செய்து தரப்போவதாகவும் நீதான் சொல்கிறாய். வசதி! இரவுப் பணியில் ஒரு ஆபரேட்டர் உட்கார்ந்திருப்பார். திரையில் அம்பு தானாக நகரும். ‘பெரிய ஆபீஸ்லேர்ந்து பாக்கறாங்க’ என்று அவர் கையைக் கட்டிக்கொண்டிருப்பார், ஏனென்றால் உன்னைப் போல ஒருவன் அவரைத் தொடாதே என்று பழக்கியிருப்பான். ஊர் இருண்ட பிறகு விசாரணை வரும். அப்போது நீ, ‘உள்ள இருக்கறவங்கதான்’ என்பாய். அந்த ஆபரேட்டருக்கும் ஒரு வீடு இருக்கும். எனக்கு வெளியிலிருந்து வருகிறவனைவிட உன்னிடம்தான் அதிக பயமாக இருக்கிறது ரகு.

திங்கட்கிழமை நான் தேவகி வீட்டுக்குப் போனேன். முதல் முறையாக. பணம் கொடுத்துத் தீர்க்கிற விஷயம் இல்லை என்பதால் வெறுங்கையோடு போனேன். கூடத்தில் சேலை பரப்பி, முந்தானை நூலைப் பிரித்துக் குச்சு கட்டிக்கொண்டிருந்தாள். இந்த இரண்டு வருடமாக அவளுடைய ‘வேற வேலை’ அதுதான். டிசைன் விற்றவள் என்று பேர் வாங்கியவளை இந்த ஊரில் எந்த முதலாளி மெஷின் முன்னால் உட்காரவைப்பான்? முந்தானை வரைந்த கை, யாரோ வரைந்த முந்தானைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முடிச்சை முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினாள்.

‘ஒயர புடுங்க வுட்டிருந்தா மீனாச்சும் தப்பிச்சிருக்கும்மா’ என்றாள்.

‘என் தப்பு’ என்றேன்.

‘சரி, அத்த வுடுங்க. நீங்க வந்துட்டீங்க. அவுரு?’

உன் பதிலை நான் சொல்ல முடியாது.

‘போன்ல வாணாம்மா’ என்றாள். ‘அம்ப நகத்திகினு பொட்டிக்குள்ளயும் வர வாணாம். அன்னிக்கு யார் யார் நின்னாங்களோ அவங்க முன்னாடி, கால்ல நடந்து வந்து, வாயால சொல்லட்டும்.’

இதுவரை எழுதியதை நேற்று கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அன்று சுண்டல் வாங்கிய அத்தனை பேரும் இருந்தார்கள். ஆகவே உண்மை இனி நம் வீட்டு ரகசியம் இல்லை. பச்சையப்பன், ‘தம்பி மேல இவ்ளோ கோவம் வாணாம்மா, கொழந்த மனசு’ என்றார். முப்பது வயதுக் குழந்தை. பிறகு வெளியே போய், தேவகி வீட்டுப் பக்கம் பார்த்துச் சைக்கிளை மிதித்தார். தொன்னை நீட்டியவர் அல்லவா, அவருக்கும் சொல்ல ஏதோ இருந்திருக்கும்.

இன்று காலை தேவகி வந்தாள். சாவியை நான் நீட்டினேன், வளையலில் மாட்டிக்கொண்டாள். உன் புரோகிராமை எடுத்துவிட்டாள். வெளியே போகும் ஒயரைக் கழற்றிச் சுருட்டி என் அலமாரியில் வைக்கச் சொன்னாள். மெயில் பார்க்க வேறொரு மெஷின் வாங்கிக்கொள்ளலாம், டிசைன் இருக்கும் மெஷினுக்கு வெளியுலகம் வேண்டாம் என்றாள். புதிய பாஸ்வேர்டு போடும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. பழைய கட்டத் தாள்களைப் பிரித்து, குளத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறாள்.

இனி சென்னையிலிருந்தோ புனேவிலிருந்தோ நீ எத்தனை முறை தட்டினாலும் இந்த மெஷின் திறக்காது. கோயம்பேட்டில் ஆரணி பஸ் ஏறு. ஆயுத பூஜை அடுத்த வாரம்; எல்லோரும் இருப்பார்கள். டிசைன் அறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கும். நீ தட்டினால், யார் என்று தேவகி கேட்பாள். பெயரை மட்டும் சொல்லாதே. என்ன செய்தவன் என்பதையும் சேர்த்துச் சொல். திறப்பதா வேண்டாமா என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.

அம்மா